பக்கத்து மனையில் தும்பை நிற்கிறது

நங்கநல்லூரில் காலி மனைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அன்பர்கள் எல்லோருக்கும்,



உங்களில் பலரை எனக்கு முகத்தளவில் தெரியும். சிதம்பரம் ஸ்டோர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருப்போம். பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்திருப்போம். பேரைக் கேட்டுக்கொண்டது கிடையாது. ஆனாலும் நமக்குள் ஓர் உறவு இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் நம் கண்ணில் படுவது இன்னொருவருடைய காலி மனை. சொந்தக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். பாதி உயரத்துக்குக் காம்பவுண்டு சுவர், துருப்பிடித்த ஒரு கேட், அத்துமீறி நுழையக் கூடாது என்று ஒரு பலகை. உள்ளே மழைக்கு முளைத்து வெயிலுக்குக் காய்கிற பச்சை.

அந்த மனையோடு நாம் படும் பாடு எனக்கும் தெரியும். ராத்திரியில் யாரோ வந்து ரப்பிஷ் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மாடி வீட்டிலிருந்து கேரி பேக் பறந்து வந்து விழுகிறது. பாம்பு வருமோ, டெங்கு வருமோ என்று பயம். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருமாகச் சேர்ந்து சொந்தக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, "சார், உங்க மனை காடு மாதிரி கிடக்கு, ஆள் விட்டுச் சுத்தம் பண்ணுங்க" என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்கு எதிர் மனைக்கு அப்படிச் சொன்னதில் முன்னால் நின்றவர்களில் நானும் ஒருவர். ஆவணியில் சிறிய ஜே.சி.பி. ஒன்று வந்து அரை நாளில் மண்ணோடு சுரண்டிக்கொண்டு போயிற்று. மனை பள்ளிக்கூட மைதானம் போல வெளுத்துக் கிடந்தது. அன்று எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் விநாயகர் சதுர்த்தி. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பாட்டி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரனைக் கூப்பிட்டு, "எதிர் மனையில தும்பைப்பூ இருக்கும், கொஞ்சம் பறிச்சுண்டு வாடா கண்ணா" என்று அனுப்பினார். வருஷா வருஷம் அங்கிருந்துதான் அவருக்குத் தும்பை. இடுப்பு வலி வந்தபிறகு அவரால் குனிய முடிவதில்லை, அதனால்தான் பேரன். மெஷின் வந்து போனதை அவர் சரியாகப் பார்த்திருக்கவில்லை. பையன் கால் மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் நிறைய வெள்ளைப் பூ கொண்டுவந்தான். பாட்டி அதை வாழையிலையில் கொட்டி விரலால் ஒதுக்கிப் பார்த்தார். நீளக் காம்போடு இருந்த தாத்தாப் பூ ஐந்தாறு. காம்பவுண்டு ஓரம் மெஷின் எட்டாத இடத்தில் பிழைத்த பார்த்தீனியம் ஒரு கொத்து. தும்பை ஒன்றே ஒன்று.

"இதுல தும்பை இது ஒண்ணுதான்டா" என்றார். அவன், "எல்லாம் வெள்ளைதானே பாட்டி?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியால்தான் இந்த மடல். அவன் கேட்டதில் தப்பில்லை. இட்லி தும்பைப்பூ மாதிரி இருக்கிறது, வேட்டி தும்பைப்பூ மாதிரி வெளுத்திருக்கிறது என்று அவன் காதுபட நாம் தினம் சொல்கிறோம். அந்தப் பூவை அவனுக்கு நாம் காட்டியதில்லை. அதற்கும் மேலே, அது நின்ற ஒரே இடத்தைச் சுரண்டிவிடச் சொன்னதும் நாம்தான். உங்களில் எத்தனை பேர் தும்பையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அடுத்த சில பத்திகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் தயவுசெய்து மடலைக் கையில் எடுத்துக்கொண்டு மனைப் பக்கம் போங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் நல்லது. பனி ஈரத்தில் பூ உதிராமல் நிற்கும்.

முதலில் உயரம். தும்பை ஒரு சாணிலிருந்து முழங்கால் வரை வளரும், அவ்வளவுதான். நம் ஊர் ஆஞ்சநேயருக்கு 32 அடி, அவரை அண்ணாந்து பார்க்கவேண்டும். தும்பையைப் பார்க்கக் குந்தி உட்காரவேண்டும். நின்றபடி பார்த்தால் பச்சைக்கு நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும், வேறொன்றும் தெரியாது.

உட்கார்ந்ததும் பூவை விட்டுவிட்டுத் தண்டைத் தொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். உருளாது. பென்சில் போல வழுக்கிச் சுற்றாமல் தடக் தடக்கென்று மடிந்து நிற்கும். தண்டுக்கு நான்கு பட்டை இருப்பதுதான் காரணம். துளசித் தண்டும் இப்படித்தான் இருக்கும், வீட்டில் துளசி மாடம் இருந்தால் இப்போதே தொட்டுப் பார்க்கலாம். புதினாவும் கற்பூரவல்லியும் இதே கூட்டம். தும்பை துளசிக் குடும்பத்துச் செடி என்பதற்கு முதல் சாட்சி இந்த நான்கு பட்டைதான்.

விரலை எடுப்பதற்குள் இன்னொன்றும் தெரிந்திருக்கும். தண்டு சொரசொரவென்று இருக்கும், சின்னச் சின்ன முடி. இலையும் அப்படியே. இலை குறுகி நீண்டிருக்கும், ஒரு விரல் நீளம், விரலைவிடக் குறைந்த அகலம். நுனி கூராக இல்லாமல் மழுங்கியிருக்கும். ஓரத்தில் மேலோட்டமான வெட்டுகள். இலைகள் இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக நிற்கும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த ஜோடி தெற்கு வடக்காக நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் கூட்டல் குறி. கசக்கி முகர்ந்தால் துளசி வாசனை வராது, ஒரு பச்சைக் காட்டம்தான் வரும். நாக்கில் வைத்தால் கசக்கும்.

இப்போது பூவுக்கு வாருங்கள். தும்பையில் பூக்கள் தனித்தனியாக நிற்பதில்லை. தண்டின் கணுவில், இலை ஜோடி பிரியும் இடத்தில், பச்சை நிறத்தில் ஓர் உருண்டை இருக்கும். கிட்டத்தட்ட ஒரு கோலிக்குண்டு அளவு. தண்டு அந்த உருண்டையின் நடுவில் நுழைந்து மேலே போகும், அடுத்த கணுவில் அல்லது உச்சியில் இன்னோர் உருண்டை. நூலில் கோர்த்த மணி மாதிரி. அந்த உருண்டை என்பது நெருக்கமாக அடுக்கிய பச்சைக் குழல்கள். ஒவ்வொரு குழலின் வாயும் சாய்வாக வெட்டினாற்போல் இருக்கும், விளிம்பில் பத்துப் பற்கள், பல்லின் நுனியில் முள் போன்ற மயிர். குழலுக்குள்ளிருந்துதான் வெள்ளைப் பூ எட்டிப்பார்க்கும். எல்லாம் ஒரே நாளில் பூக்காது. இன்றைக்கு நாலு, நாளைக்கு மூன்று என்று பல நாள் போகும். அதனால் ஓர் உருண்டையில் எந்நேரமும் பாதிக்கு மேல் பச்சையாகவே தெரியும்.

ஒரு பூவை மட்டும் மெல்ல இழுங்கள். வலிக்காத பல் விழுவது போல வந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அதற்கு இரண்டு உதடு. மேல் உதடு சிறிய முக்காடு போல வளைந்திருக்கும், அதன் மேல் வெள்ளைப் பஞ்சு மயிர் அடர்ந்திருக்கும். கீழ் உதடு அதைப் போல இரண்டு மடங்கு நீளம், நாக்கை நீட்டினாற்போல் விரிந்து தொங்கும். தேனீ வந்து அந்த நாக்கின் மேல் உட்காரும். தலையைக் குழலுக்குள் நுழைக்கும்போது முக்காட்டுக்குள் ஒளிந்திருக்கும் மகரந்தம் அதன் தலையிலும் முதுகிலும் படும். அதோடு அடுத்த பூவுக்குப் போகும். இதைப் பார்க்க லென்ஸ் வேண்டாம், ஐந்து நிமிஷப் பொறுமை போதும். அந்தப் பூவின் பின்நுனியை உறிஞ்சினால் துளி இனிப்பு. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

பூ உதிர்ந்தபின் உருண்டை அப்படியே நிற்கும். பச்சை மாறிப் பழுப்பாகும். காய்ந்த குழலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினால் அடியிலிருந்து நான்கு விதை விழும். பழுப்பு நிறம், இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஒரு பக்கம் உருண்டை, மறு பக்கம் விளிம்பு. இந்த நான்கு விதையைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பையனின் டம்ளருக்கு வருகிறேன். தாத்தாப் பூ என்று பிள்ளைகள் சொல்வதைப் பெரியவர்கள் வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு என்பார்கள். அது தரையோடு படரும். பூ மட்டும் ஒரு சாண் நீளக் காம்பில் தனியாக எழுந்து நிற்கும். நடுவில் மஞ்சள், சுற்றிலும் நாலைந்து வெள்ளை இதழ். சூரியகாந்திக் குடும்பம். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து இங்கே ஊன்றிவிட்டது. மஞ்சள் நடு தெரிந்தால் அது தும்பை இல்லை. இத்தனை சுலபம்.

பார்த்தீனியம்தான் ஆபத்து. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைக்கு மேல் வெள்ளைப் பொட்டு. அதன் இலையைப் பாருங்கள். கேரட் இலை போலக் கிழிந்து கிழிந்து இருக்கும். தும்பை இலைக்குக் கிழிசலே கிடையாது. பார்த்தீனியப் பூ கிளை நுனிகளில் குட்டி வெள்ளைப் பொத்தான்களாக இறைந்திருக்கும், உருண்டையாகத் தண்டைச் சுற்றாது. 1950களில் புனேயில் கண்டுகொள்ளப்பட்ட இந்த அமெரிக்கச் செடி சில பத்து ஆண்டுகளில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. தோலில் பட்டால் சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் வரும், மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும். இதை எடுக்கத்தான் வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, பூப்பதற்கு முன்னால், வேரோடு பிடுங்குங்கள். பையன் வெறுங்கையால் அதைப் பறித்துவந்தான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. மெஷினைக் கூப்பிட்ட நாங்கள் அவனுக்கு இந்த இரண்டு செடிக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

பேரில் தும்பையைச் சுமக்கும் வேறு செடிகளும் உண்டு. கவிழ்தும்பை என்று ஒன்று. அதுவும் சொரசொரப்பு. ஆனால் பூ வெளிர் நீலம், ஐந்து இதழ், தலையைக் கவிழ்த்துத் தொங்கும். பேர் மட்டும்தான் ஒன்று, குடும்பம் வேறு. காசித்தும்பை தோட்டத்தில் விதை போட்டு வளர்ப்பது, சிவப்பும் ஊதாவுமாகப் பூக்கும், காயைத் தொட்டால் வெடிக்கும். பெருந்தும்பை என்று சிலர் சொல்லும் பேய்மிரட்டி துளசிக் குடும்பம்தான், ஆனால் இலை கனமாக மெத்தென்று இருக்கும், பூ ஊதா. அதன் பச்சை இலையைத் திரியாகச் சுருட்டி எண்ணெயில் ஏற்றினால் எரியும். இவற்றில் எதுவும் தண்டில் கோர்த்த மணிபோல் வெள்ளையாகப் பூக்காது.

ஒரு விஷயம் எனக்கு வெகு நாளாக ஆச்சரியம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பாறை மேல் குவித்த பூக்களாக 99 பேர்கள் வருகின்றன. அந்த வரிசையில் தும்பையும் துளசியும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஓசைக்காக அப்படி அமைந்திருக்கலாம். ஆனாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தபோது இந்த இரண்டையும் ஒரே வீட்டில்தான் வைத்தார்கள். நான்கு பட்டைத் தண்டு, இரண்டு உதட்டுப் பூ, நான்கு விதை. கபிலருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்ததா என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பூக்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இருந்த ஊரில் அந்தப் பாட்டு எழுந்தது என்றுதான் சொல்கிறேன்.

தொல்காப்பியத்தில் தும்பைக்கு இன்னும் பெரிய இடம். மண்ணுக்காகவோ ஆநிரைக்காகவோ இல்லாமல், யார் வீரர் என்று பார்த்துவிடுவதற்காக இரண்டு படை நேருக்கு நேர் நிற்கும் போருக்குப் பேர் தும்பைத் திணை. இரண்டு பக்கத்து வீரர்களும் தும்பையைச் சூடிக்கொண்டு நிற்பார்கள். கடற்கரைத் திணையான நெய்தலுக்கு இணையான புறத்திணை இதுதான். முழங்கால் உயரச் செடி. அதன் பூவைத்தான் சாகத் துணிந்தவர்கள் தலையில் வைத்தார்கள். சிவனுக்கும் அது உகந்தது. வடமொழியில் துரோணபுஷ்பி. கேரளத்தில் ஓணத்துக்கு அத்தப்பூக்களம் போடும்போது தும்பை இல்லாமல் மனசு நிறையாது என்பார்கள். 1963 நவம்பர் 21-ல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய திருவனந்தபுரத்துக் கடற்கரைக் கிராமத்துக்குப் பேர் தும்பா. மலையாளத்தில் இந்தச் செடியின் பேரும் அதேதான்.

விஞ்ஞானப் பேரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடையாளம் அதிலேயே இருக்கிறது. லியூக்கஸ் அஸ்பெரா. முதல் சொல் கிரேக்கத்தில் வெள்ளை என்பதிலிருந்து வந்தது. இரண்டாவது லத்தீனில் சொரசொரப்பு. கண்ணுக்கு வெள்ளை, விரலுக்குச் சொரசொரப்பு. லியூக்கஸ் என்ற பேரினத்தை 1810-ல் ராபர்ட் பிரவுன் வகுத்தார். அஸ்பெரா என்று வைத்தவர் பெர்லினில் இருந்த வில்டெனோவ். தரங்கம்பாடிப் பாதிரியார்கள் தென்னிந்தியச் செடிகளை உலர்த்தி அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ராட்லர் என்பவர் பிறகு சென்னைக்கு வந்து வேப்பேரியில் இருந்து 1836-ல் காலமானார். அவர் இந்த மண்ணின் செடிகளையும் சேர்த்தார், தமிழ்ச் சொற்களையும் சேர்த்து அகராதி ஆக்கினார். இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்ததில் எனக்கு வியப்பில்லை. பேர் தெரிந்தால்தான் செடி கண்ணில் படும், செடியைப் பார்த்தால்தான் பேர் வாயில் தங்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் நகரத்தில் இதை முக்கியமாக நினைத்தவர்கள் இருந்தார்கள். 1929-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெளியீடாக பி.வி. மயூரநாதன் சென்னை நகரிலும் சுற்றுப்புறத்திலும் பூக்கும் செடிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அன்று நம் பகுதியெல்லாம் அந்தச் சுற்றுப்புறத்தில் சேர்ந்த வெட்டவெளி. இன்று அதில் மிச்சம் இருப்பது நம் பக்கத்து மனைகள்தான்.

இப்போது நான்கு விதைக்கு வருகிறேன். தும்பை ஓராண்டுச் செடி. ஒரு மழையில் முளைத்து, பூத்து, விதை போட்டு, கோடையில் செத்துப்போகும். அருகம்புல் மாதிரி வேரில் உயிரை வைத்துக்கொண்டு மறுபடி தலைகாட்டத் தெரியாது. அடுத்த வருஷத்துத் தும்பை முழுக்க இந்த வருஷத்து விதையில்தான் இருக்கிறது. நம் ஊரில் ஆடி ஆவணி மாலை மழைக்கு முளைப்பது சதுர்த்திக்குப் பூக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இன்னொரு கூட்டம் எழும்பும். தை பிறந்து வெயில் ஏறும்போது குழல்கள் காய்ந்து விதை மண்ணில் விழும். நாம் மெஷினைக் கூப்பிடுவது எப்போது? பச்சை மண்டிக் கண்ணை உறுத்தும்போது. அதாவது பூத்து முடிவதற்குள். மெஷின் செடியை மட்டும் எடுப்பதில்லை, முன் வருஷ விதை கிடக்கும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் பிறகு முதலில் வருவது பார்த்தீனியம். என் எதிர் மனையில் கண்ணால் பார்த்தேன். சுரண்டிய மறு மழைக்கு அது இடுப்பளவு நின்றது. தும்பை காம்பவுண்டு மூலையில் நாலு செடி. சுத்தம் செய்யச் சொல்லி நாங்கள் வாங்கிக்கொண்டது அதுதான்.

பயங்களைப் பற்றியும் பேசவேண்டும், அவை நியாயமானவை. டெங்கு கொசு செடியில் முட்டை இடுவதில்லை. தேங்காய்ச் சிரட்டையில், டயரில், தயிர் டப்பாவில், தெர்மோகோல் பெட்டியில் தேங்கும் தண்ணீரில் இடும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். மனைக்குள் அந்தச் சாமான்கள் எப்படி வந்தன என்று நாம் எல்லோரும் அறிவோம். அவற்றைப் பொறுக்கி எடுத்தால் கொசு குறையும். செடியை வெட்டிவிட்டு டப்பாவை விட்டுவைத்தால் குறையாது. பாம்பும் அப்படித்தான். அது வருவது எலிக்காக, எலி வருவது சோற்றுக்காக, ஒளிவது ரப்பிஷ் குவியலில். முழங்கால் உயரத் தும்பைக்கு நடுவில் தரை தெரியும், செங்கல் குவியலுக்குள் ஒன்றும் தெரியாது.

பாம்பு என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தும்பைச் சாறு பாம்புக்கடிக்கு மருந்து என்று நம் வீடுகளில் காலம்காலமாகச் சொல்வார்கள். யாரையாவது பாம்பு கடித்தால் தும்பையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி ஒன்றுதான் உயிரைக் காப்பாற்றும். அந்த ஊசிக்கான விஷத்தைப் பெருமளவில் எடுத்துத் தருபவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள். செடிகளை நம் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். சளிக்கும் தலைவலிக்கும் தும்பை கைவைத்தியம்தான் என்றாலும், ரோட்டோரச் செடியைப் பறித்து அரைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அதில் என்ன பட்டிருக்கிறது என்று தெரியாது. பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மருந்தாக வேண்டுமென்றால் அங்கே வைத்தியரைக் கேளுங்கள். நான் கேட்பது மருந்துக்காகவே இல்லை. தும்பை அங்கே நிற்கட்டும், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று யோசித்துவைத்திருக்கிறேன். மனையின் குப்பையை எந்த மாதமும் அள்ளலாம், அதற்குத் தடையே இல்லை. பார்த்தீனியத்தைக் கண்டதும் பிடுங்கலாம். மற்றதைச் சுரண்டும் வேலையை மாசி வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதற்குள் தும்பை விதை கொட்டியிருக்கும். அப்போதும் மெஷின் வேண்டாம், அரிவாளால் தரைக்குமேல் அறுத்தால் போதும், மண் இருந்த இடத்தில் இருக்கட்டும். சொந்தக்காரர் வீடு கட்டப்போகிறார் என்றால் நாம் குறுக்கே நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. கட்டுவதற்கு முன்னால் காய்ந்த உருண்டைகளைக் கிள்ளி ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். மாடியில் உடைந்த தொட்டி இருந்தால் மண்ணோடு அதில் தூவுங்கள். உரம் வேண்டாம், மழை வந்தால் முளைக்கும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்வதற்கு முன்னால் நாம் ஆலந்தூர் நகராட்சி. 1990களின் கடைசியில் பாதாளச் சாக்கடைக்காக இந்த நகராட்சியில் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்காமல் தெருத் தெருவாகச் சேர்ந்து கட்டினோம். இந்தியா முழுக்க அதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். பணம் கட்டிய ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். தும்பைக்குப் பணம் வேண்டாம். சொந்தக்காரரிடம் பேசும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பை மாசி வரை தள்ளிப்போட்டால் போதும். அதே அழைப்பில் செடியின் பேரையும் சொல்லிவிடுங்கள். என் எதிர் மனைக்காரரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தும்பையா? எங்க அம்மா பறிப்பா" என்றார். அந்த வருஷம் மெஷின் வரவில்லை.

மூலையில் பிழைத்த நாலு செடி இந்த ஆவணியில் நாற்பதுக்கு மேல் ஆகியிருக்கிறது. எண்ணியவன் அந்தப் பையன்தான். பார்த்தீனியத்தை இப்போது அவன் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கிறான். "கிழிஞ்ச இலை" என்பது அவன் வைத்திருக்கும் பேர். சதுர்த்தியன்று அவன் டம்ளரில் கொண்டுவந்ததில் பாட்டி ஒதுக்கியது ஒன்றுமில்லை, ஒரு கட்டெறும்பைத் தவிர. எறும்பையும் சுவரில் விட்டுவிட்டு வந்தான்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறரை மணிக்கு அந்த மனைக்கு முன்னால் நான் நிற்பேன். கேட்டைத் திறக்கச் சொந்தக்காரர் சம்மதம் தந்திருக்கிறார். வருகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாதத்தை மூடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், பழைய கண்ணாடித் துண்டு இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. உட்கார ஒரு பழைய சாக்கு கொண்டுவந்தால் போதும்.

அன்புடன்,
எதிர் வீட்டுக்காரர்களில் ஒருவர்
நங்கநல்லூர்